தொட்டில் சொல்லும் சேதி

குழந்தை பிறந்ததும் நம் நாட்டில் முதலில் தேடப்படுவது எது? தாயின் உடல்நலக் குறிப்பா? குழந்தையின் எடையா? இல்லை, இல்லை! பிறந்த நேரம்! நாழிகை பிசகாமல் குறித்துக்கொண்டு ஓடுகிறார்கள் சோதிடரிடம். அவர் கட்டம் போடுகிறார், கணக்குப் பார்க்கிறார், முகத்தைச் சுருக்குகிறார். "பாலாரிஷ்டம் தெரிகிறது, பரிகாரம் செய்தாக வேண்டும்" என்கிறார். பணம் கைமாறுகிறது. பன்னிரண்டு கட்டங்களுக்குள் குழந்தையின் எதிர்காலத்தைத் துருவித் துருவித் தேடியவர்கள், தொட்டிலிலே கிடக்கும் குழந்தையை மட்டும் பார்க்கவில்லை!

பார்க்க வேண்டிய சேதி அங்கேதான் இருந்தது. பிஞ்சுக் காலின் உதைப்பில் இருந்தது. கழுத்தின் சிறு திருப்பத்தில் இருந்தது. விரல் விரிந்து மூடும் விதத்தில் இருந்தது. மூன்று மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தொடாமல், பேசாமல், கிலுகிலுப்பை ஆட்டாமல், மூன்று நான்கு நிமிடம் அதன் அசைவைப் படம் பிடித்துப் பார்த்தால், பின்னாளில் அதற்கு மூளை முடக்குவாதம் வருமா வராதா என்பதைப் பெருமளவு முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்கிறது மருத்துவம். இது ஆரூடமல்ல, தோழர்களே! ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கண்ணால் கண்டு, ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து, சரிபார்த்துச் சொன்ன சொல்.

மூளை முடக்குவாதம் என்றால் என்ன? தொற்றுநோயல்ல. முற்பிறவி வினையுமல்ல. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையிலே, கருவிலோ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த தொடக்க நாட்களிலோ விழுந்துவிட்ட காயம். குறைமாதப் பிறப்பு, பிறக்கையில் மூச்சுத் திணறல், அளவு மீறி ஏறிய மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. காயம் அதன்பின் வளர்வதில்லை. ஆனால் அதன் விளைவு குழந்தையோடு சேர்ந்து வளர்கிறது. தசை விறைக்கிறது, மூட்டு மடங்கிப்போகிறது, இடுப்பெலும்பு நழுவுகிறது. ஆயிரம் பிறப்புக்கு இரண்டு, மூன்று குழந்தைகள் என்பது பொதுவான மதிப்பீடு. சின்ன எண்ணாகத் தெரிகிறதா? அந்த ஒன்று நம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும்போது அது ஆயிரத்துக்கு இரண்டு அல்ல, ஒன்றுக்கு ஒன்று!

அண்மையில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் போகும் வண்டியில் நமக்குப் பக்கத்தில் அமர்ந்தார் ஒரு தோழர். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். மடியிலே ஒன்றரை வயதுப் பையன். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே பின்னிக் கிடந்தன. "இன்னும் கழுத்து நிக்கலண்ணே" என்றார். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டானாம். ஒன்றே கால் கிலோ. இருபத்தெட்டு நாள் இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்களாம். "காப்பாத்திட்டாங்க, நல்லாத்தான் பாத்தாங்க" என்று நன்றியோடு சொன்னார். பிறகு? ஐந்தாம் மாதத்தில் தாய் சொன்னாள், பிள்ளை விறைப்பாக இருக்கிறானே என்று. "அவங்க தாத்தா ரெண்டு வயசுலதான் நடந்தாரு" என்றாள் பாட்டி. "பொறுத்துப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார் ஒரு மருத்துவர். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். அவ்வளவும் முடிந்த பிறகு குற்றம் யார் தலையில் விழுந்தது? பெற்றவள் தலையில்! ராசியில்லாதவளாம்! தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று சொல்லும்போது அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவிரிப் பாலம் வந்தது.

எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று நாம் எழுதப் போவதில்லை. நம் கேள்வி வேறு. ஒன்றே கால் கிலோக் குழந்தையை உயிரோடு மீட்கத் தெரிந்த ஒரு நாட்டில், அந்தக் குழந்தை மூன்றாம் மாதத்தில் எப்படிக் கை கால் அசைக்கிறது என்று பார்க்க ஒருவர் இல்லாமற் போனது ஏன்?

அறிவு புதிதல்ல. 1861இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், கடினப் பிறப்பும் குறைமாதப் பிறப்பும் மூச்சுத் திணறலும் குழந்தையின் கை கால்களை முடக்குகின்றன என்று மருத்துவர் சங்கத்தில் எடுத்துரைத்தார். அவருக்கே ஒரு கால் வளைந்த கால்! 1897இல் சிக்மண்ட் பிராய்டு - ஆம், கனவுக்குப் பொருள் சொன்ன அதே பிராய்டுதான் - குழந்தைகளின் மூளை வாதம் பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். கடினப் பிறப்பு காரணமல்ல, கருவிலேயே நேர்ந்த கோளாறின் அறிகுறியாகவும் அது இருக்கலாம் என்று மறுத்துப் பேசினார். காரணத்தைப் பற்றி வாதம் நடந்தது. ஆனால் கண்டுபிடிக்கும் காலம் மட்டும் முன்னே நகரவில்லை. குழந்தை உட்காரவில்லை, நிற்கவில்லை, நடக்கவில்லை என்று தெரிந்த பின்னரே நோய்க்குப் பெயர் சூட்டினார்கள். ஒரு வயது, ஒன்றரை வயது, இரண்டு வயது!

அந்தப் பழக்கத்தை உடைத்தவர் ஹைன்ஸ் பிரெக்டல். 1927இல் வியன்னாவில் பிறந்தவர், நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரில் நெடுங்காலம் பணியாற்றியவர், 2014இல் மறைந்தார். அவருக்கு முன்பெல்லாம் பச்சிளங் குழந்தையைச் சோதிப்பதென்றால் தட்டுவது, இழுப்பது, திடுக்கிட வைப்பது. முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா? உள்ளங்காலை வருடினால் விரல் விரிகிறதா? பிரெக்டல் என்ன செய்தார்? கையைக் கட்டிக்கொண்டு நின்றார்! குழந்தையை அதன் போக்கில் விடு, அது தானாக என்ன செய்கிறது என்று பார் என்றார். 1980களில் ஒலியலைக் கருவியால் கருவறைக்குள்ளும் பார்த்தார்கள் அவரும் அவர் குழுவினரும். யாரும் தூண்டாமலே, கரு ஒன்பது பத்து வார அளவிலேயே உடல் முழுவதும் அசைந்துகொண்டிருந்தது. மூளையே தாளம் போடுகிறது, உடல் ஆடுகிறது. தாளம் பிசகினால், ஆட்டம் காட்டிக் கொடுத்துவிடும்.

பிறந்தபின் முதல் ஆறேழு வாரம் நெளிவசைவுக் காலம். குழந்தை முறுக்கி நெளிந்து, மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, அடங்கும். அந்த வளமும் நெளிவும் இல்லாமல், கைகால் அத்தனையும் ஒரே நேரத்தில் விறைத்து ஒரே நேரத்தில் தளர்ந்தால் அது எச்சரிக்கை மணி. வாரக் கணக்கில் அது மாறாமல் நீடித்தால் மணி உரக்க ஒலிக்கிறது என்று பொருள். ஒன்பதாம் வாரம் முதல் ஏறத்தாழ இருபதாம் வாரம் வரை அடுத்த காலம். அப்போது தோன்றுவதுதான் துறுதுறு அசைவு. கழுத்து, உடல், தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எங்கும் சிறு சிறு அசைவுகள், எல்லாத் திசையிலும், ஓயாமல்! அம்மா மண்டபப் படித்துறையில் நின்று பார்த்தால், மென்காற்று வீசும்போது காவிரி நீர்மேல் ஓடுமே சிற்றலை, அதுபோல. விழித்திருக்கும் குழந்தை, அழாத குழந்தை, எதையும் உற்றுப் பார்க்காத குழந்தை, இந்தத் துறுதுறுப்பைக் காட்ட வேண்டும். அது அறவே இல்லையென்றால்?

1997இல் பிரெக்டலும் அவருடன் பணிபுரிந்தோரும் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் கணக்கை வெளியிட்டார்கள். 130 குழந்தைகள். துறுதுறு அசைவு இயல்பாக இருந்தவர்கள் 70. அவர்களில் 67 பேர் நரம்புக் கோளாறின்றி வளர்ந்தனர். அசைவு இல்லாதவர்கள் அல்லது பிறழ்ந்திருந்தவர்கள் 60. அவர்களில் 57 பேருக்குக் கோளாறு வந்தது. கூட்டிப் பாருங்கள். 130இல் 124 சரி! எந்தக் கட்டத்துக்கு, எந்த ஏட்டுக்கு இந்தக் கணக்கு வாய்க்கும்? தவறிய ஆறு பேரையும் மறைக்காமல் அச்சிட்டார்களே, அதைத்தான் நாம் அறிவியல் என்கிறோம். தவறிய கணிப்பைப் பஞ்சாங்கம் என்றைக்காவது அச்சிட்டதுண்டா?

பொன்மலைத் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே உள்ளிருக்கும் விரிசலை அறிந்த தொழிலாளர் பரம்பரை அது. திருவெறும்பூர் கொதிகலன் ஆலைத் தோழரைக் கேளுங்கள்; பற்றவைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அனுப்புவாரா? வெடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த மேற்பார்வையாளராவது சொல்வாரா? இரும்புக்கு உள்ள மரியாதை எலும்புக்கும் சதைக்கும் வேண்டாமா?

குழந்தையின் அசைவை மாதம் மாதமாகப் பார்ப்பது தமிழனுக்குப் புதிதா என்ன? பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றார்கள், ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்றார்கள். பெரியாழ்வார் பாசுரத்திலும் செங்கீரை உண்டு, சப்பாணி உண்டு, தளர்நடை உண்டு. திருவரங்கத்தார் நம்மைவிட நன்றாக அறிவார்கள். தலை நிமிர்த்தி ஆடுவதையும், கைகொட்டுவதையும், தள்ளாடி நடப்பதையும் உற்றுப் பார்த்த கண் அது. பாட்டில் பார்த்ததை வீட்டில் பார்க்க மறந்தோம்!

எங்கோ ஐரோப்பாவில் நடப்பது நமக்கு ஆகுமா என்று கேட்போர் உண்டு. வேலூருக்குப் போங்கள். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நார்வே நாட்டு ட்ரொன்ட்ஹைம் ஆய்வாளர்களோடு சேர்ந்து, மிகக் குறைந்த எடையோடு பிறந்த நம் நாட்டுக் குழந்தைகளின் அசைவைப் படம் பிடித்து, ஒரு வயதில் அவர்களின் உடலியக்கத்தோடு ஒப்பிட்டார்கள். 2016இல் முடிவு வெளியாயிற்று. மூன்றாம் மாத அசைவுக்கும் முதலாண்டு நிறைவில் கண்ட வளர்ச்சிக்கும் தொடர்பு இங்கேயும் இருந்தது. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு மூளை, வேலூர்க் குழந்தைக்கு வேறு மூளை இல்லையே! 2022இல் இன்னொரு படி ஏறினார்கள். நார்வே, பெல்ஜியம், அமெரிக்கா, இந்தியா என நான்கு நாடுகளின் 13 மருத்துவமனைகளில் 557 குழந்தைகளின் படங்களைக் கணினிக்குக் கற்பித்து, கணினியே அசைவைப் படித்துச் சொல்லும் முறையைச் சோதித்தார்கள். கணினி இன்னும் சில குழந்தைகளைத் தவறவிடுகிறது. ஆனால் பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாத ஊருக்கு அது ஒருநாள் கைகொடுக்கும்.

அதுவரை? கண் போதும். பயிற்சி பெற்ற கண்! சில நாள் வகுப்பும், தொடர்ந்து பார்க்கும் பழக்கமும் இருந்தால் ஒரு குழந்தை மருத்துவரோ, இயன்முறை மருத்துவரோ இதைச் செய்யலாம். கோடி ரூபாய் எந்திரம் வேண்டாம். கைப்பேசி போதும். இன்று எந்தக் கூலித் தொழிலாளி வீட்டில் அது இல்லை? கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் ஒன்று உண்டு; இலண்டன் ஹாமர்சுமித் மருத்துவமனையில் உருவானது; 26 கேள்விகள், 78 மதிப்பெண். அதற்கும் பெரிய செலவில்லை. இந்த இரண்டையும், மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதம் நிறையுமுன்பே நோயைச் சொல்லிவிடலாம் என்று 2017இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் எழுதினார்கள்.

சரி, திருச்சியிலே எப்படிச் செய்வது? இங்கேதான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்கு 99 விழுக்காட்டுக்கும் மேல். அதாவது ஒவ்வொரு குழந்தையும் ஒருமுறை நம் கண்ணில் படுகிறது. பின்னர் தடுப்பூசிக்கு 6ஆம் வாரம், 10ஆம் வாரம், 14ஆம் வாரம் என்று தாய் தூக்கிக்கொண்டு வருகிறாள். கவனித்தீர்களா? 10ஆம் வாரமும் 14ஆம் வாரமும் துறுதுறு அசைவுக் காலத்துக்கு உள்ளேயே விழுகின்றன! தாய் வருகிறாள், குழந்தை வருகிறது, செவிலியர் இருக்கிறார், கைப்பேசி இருக்கிறது. ஊசி போடுமுன் மூன்று நிமிடம். ஆம், ஊசிக்கு முன்! போட்ட பிறகு அழுகிற குழந்தையின் அசைவைப் படித்துப் பயனில்லை.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். மார்ச் 1 பிறக்க வேண்டிய குழந்தை சனவரி 5 பிறந்துவிட்டது என்று வையுங்கள். 14ஆம் வாரத் தடுப்பூசி ஏப்ரல் 13இல் வரும். அன்று அதன் திருத்திய வயது ஆறே வாரம்தான்! துறுதுறு அசைவு அன்று இல்லையென்றால் அது கோளாறல்ல, காலம் வரவில்லை. அந்தக் குழந்தையை மே மாதக் கடைசி வாரத்தில் மறுபடி வரவழைக்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ள குழந்தைதான் தடுப்பூசி வரிசையில் நழுவிப்போகும் குழந்தை என்பதை அதிகாரிகள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

எல்லாக் குழந்தையையும் படம் பிடிக்கச் சொல்லவில்லை நாம். அப்படிச் செய்தால் வீண் அச்சம் பெருகும். குறைமாதம், குறைந்த எடை, பிறந்ததும் அழாதது, வலிப்பு கண்டது, இரத்தம் மாற்றும் அளவுக்குக் காமாலை ஏறியது, மூளைக் காய்ச்சல் வந்தது - இந்தக் குழந்தைகள் பச்சிளங்குழந்தைப் பிரிவை விட்டு வீடு திரும்பும்போதே சீட்டில் ஒரு குறி இடப்பட வேண்டும். 2013இல் ஒன்றிய அரசு, நம் வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சூட்டி, குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பெயரை விடுங்கள், அதன் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்பது திட்டத்தின் உயிர்நாடி. புத்தூரில் அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி அதனோடு இணைந்திருக்கிறது. திருவரங்கத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. தாயைத் தேடி இன்னொரு நகருக்கு அலைய விடாமல், படத்தை அனுப்பிவிட்டுப் பதிலை வரவழைக்கக் கூடாதா?

"முன்கூட்டிச் சொல்லி என்ன பயன்? மருந்துதான் இல்லையே! தாயை அழ வைப்பதற்கா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, கேட்பவர்களில் நல்ல மருத்துவர்களும் உண்டு. காயத்தை அழிக்கும் மருந்து இல்லை, உண்மை. ஆனால் முதல் ஓராண்டில் மூளை வளரும் வேகம் பிறகு வருவதில்லை. ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதை வெட்டிக்கொள்ளும் வலிமை அப்போது அதிகம். ஒரு கை மட்டும் தளர்ந்த குழந்தைக்கு நல்ல கையை நாளுக்குச் சிறிது நேரம் மென்மையாக மூடிவைத்து, தளர்ந்த கையை விளையாட்டில் இழுத்துவிடும் முறை இருக்கிறது. எப்படித் தூக்குவது, எப்படிப் புரையேறாமல் பால் புகட்டுவது, கால் பின்னாமல் எப்படி இடுப்பில் வைப்பது என்று தாய்க்குக் கற்றுத் தரலாம். இடுப்பு நழுவுகிறதா என்று காலாகாலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். கண்ணும் காதும் சரியா என்று சோதிக்கலாம். நடக்க முடியாமற் போகும் ஒரு குழந்தைகூட, வலியின்றி உட்கார்ந்து, உண்டு, பேசி, பள்ளிக்குப் போகலாம். ஐந்தில் வளையாதது என்று நம்மவர் வயதைச் சொன்னார்கள். இங்கே கணக்கு ஐந்து மாதம்!

அழுகையைப் பற்றியும் பேசுவோம். அறியாததால் தாய் அழவில்லையா? ஐந்தாம் மாதத்தில் அறிந்து அழுதால் கையில் வேலை இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கும். இரண்டாம் ஆண்டில் அறிந்தால் பழிச்சொல்தான் துணையிருக்கும். ஆனால் ஒன்று: ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதும் அவசரக்காரர்களை நாம் ஏற்கவில்லை. மறுபடி பார்க்க வேண்டும், வேறு சோதனையோடு ஒப்பிட வேண்டும், தந்தையையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் என்றாலே பயிற்சியைத் தொடங்கலாம். முடிவான பெயர் பிறகு வரட்டும். பெண் குழந்தையென்றால் "இதுக்கு எதுக்குச் செலவு" என்று கைவிடும் வீடுகளும் உண்டு என்பதை நாம் அறிவோம். அங்கே மருத்துவரைவிட நம் தோழர்களுக்குத்தான் வேலை அதிகம்.

வீட்டுக்கே போய் உதவ முடியுமா? முடியும் என்று தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் காட்டியிருக்கிறார்கள். அமர் சேவா சங்கம், 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கியது. கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்தவர் அவர். அங்கிருந்து பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் கைக்கருவியோடு வீடு வீடாகச் செல்கிறார்கள். குழந்தையின் நிலையைப் பதிகிறார்கள். இயன்முறை வல்லுநர் வழிகாட்டுகிறார். தாய் அன்றாடம் செய்கிறாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வரும் ஏற்பாடு உண்டு. பெரியவர்களின் பக்கவாதத்துக்குத் திறந்த அந்தக் கதவைத் தொட்டிலுக்கும் திறக்கலாம்.

தாமதம் இன்னொரு கொள்ளைக்கும் வழிவிடுகிறது. கடன் வாங்கி, தாலிக்கொடியை அடகு வைத்து, "ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான்" என்ற பேச்சை நம்பி இலட்சங்களைக் கொட்டுகிறார்கள் பெற்றோர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுநெறி, இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு நடக்கும் மாற்று சிகிச்சை தவிர, இதை ஆய்வு என்ற முறையில் மட்டுமே செய்யலாம் என்கிறது. ஆய்வென்றால் நோயாளியிடம் காசு வாங்குவதேன்? தாயத்து விற்றவன் நூறு ரூபாயோடு போனான். இவர்கள் வீட்டையே எழுதி வாங்குகிறார்கள். இந்த இருவரில் எவர் படித்தவர் என்று நாம் கேட்கவில்லை!

கட்சித் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வட்டத்தில், உங்கள் தெருவில், இன்குபேட்டரில் இருந்து வீடு வந்த குழந்தை எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போங்கள். குழந்தை பால் குடித்து, விழித்து, அமைதியாக இருக்கும் நேரம் பாருங்கள். பாயில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். மேல் சட்டை மெல்லியதாக இருக்கட்டும், கையும் காலும் தெரியட்டும், காலுறையைக் கழற்றுங்கள். பொம்மை வேண்டாம், கொஞ்சல் வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம். குழந்தையின் முகமும் பாதமும் சட்டத்துக்குள் இருக்கும்படி, மேலிருந்து, கை நடுங்காமல், நான்கு நிமிடம் பிடியுங்கள். அழுதால் நிறுத்திவிட்டு மறுநாள் பிடியுங்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடமோ, ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கோ தாயோடு நீங்களும் போங்கள். நான்கு மாதம் கடந்தும் கை முட்டியாகவே மூடியிருந்தால், ஓராண்டுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், ஒன்பது மாதத்தில் உட்காரவில்லையென்றால், படமே இல்லாவிட்டாலும் போங்கள்.

போகும்போது மருத்துவமனைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எதிர்பார்க்கப்பட்ட பிரசவ நாள் எழுதியிருக்கும். அந்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரத்தை எண்ணி, வரும் தேதியைச் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.